காலைக் காணோம்!

அன்புள்ள வாசகர்களுக்கு,

முதலில் 40-ஆம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

பார்த்தாயிற்றா? உடன்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் அனுப்பிய படம் அது. பனையேறி ஒருவர் அப்போதுதான் மரத்திலிருந்து இறங்கி, மரத்திலேயே முதுகைச் சாய்த்து நிற்கிறார். இடுப்பில் பாளை சீவும் அரிவாள், பக்கத்தில் கலயம், கால்களில் இன்னும் கழற்றாத தளைநார். அந்தப் பக்கம் முதன்முதலில் என் மேசைக்கு வந்தபோது அதில் கால்கள் இல்லை. எங்கள் லே-அவுட் தம்பி முழங்காலோடு நறுக்கியிருந்தார். "தலைப்பு வைக்க இடம் பத்தல சார். முழங்காலுக்குக் கீழ ஒண்ணும் இல்லையே" என்றார்.

ஒன்றும் இல்லையாம். மரத்தோடு உரசி உரசிக் காய்த்துப்போன பாதங்களும், அவற்றைப் பிணைத்திருக்கும் நாரும்தான் அந்த மனிதரின் தொழில். அந்தப் படத்தில் இருப்பதே முழங்காலுக்குக் கீழேதான். ஆனாலும் தம்பியைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் நானே ஒரு ஆச்சியின் காலை வெட்டியவன். காலை மட்டுமல்ல, ஒரு காதையும். அந்தக் கதைக்கு வருகிறேன்.

ஆகஸ்ட் 19 உலக ஒளிப்பட நாள். 1839-இல் அதே தேதியில்தான் டாகர் கண்டுபிடித்த படமெடுக்கும் முறை பாரிஸில் எல்லோருக்கும் பொதுவாக வெளியிடப்பட்டது. அதையொட்டி, கேமராவை வைத்துப் பிழைக்காதவர்களின் படங்களை மட்டும் கேட்டிருந்தோம். வங்கி ஊழியர், தமிழாசிரியை, மெக்கானிக், ஓய்வுபெற்ற தபால்காரர் என்று எழுதியிருந்தீர்கள். படங்களோடு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எந்தக் கேமரா வாங்கலாம்? பதில் சொல்லாமல் நழுவ மாட்டேன். ஆனால் என் பாட்டைக் கொஞ்சம் பாடிவிட்டுத்தான் சொல்வேன். ஆசிரியர் பக்கத்தில் இந்த ஒரு சலுகைகூட இல்லாவிட்டால் எப்படி?

நான் முதலில் தொட்ட கேமரா என் சித்தப்பாவுடையது. ஆக்ஃபா கிளிக்-3. ஒரு ரோலுக்கு 12 சதுரப் படங்கள். முதுகில் சிவப்பாக ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதில் அடுத்த எண் தெரியும்வரை குமிழைத் திருக வேண்டும். திருக மறந்தால் எடுத்த படத்தின் மேலேயே அடுத்த படமும் விழுந்துவிடும். எங்கள் தாத்தாவின் நெஞ்சில் எங்கள் வீட்டுப் பசு மேய்கிற படம் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. போட்ட ஃபிலிம் பெரும்பாலும் 'இந்து'. ஊட்டியில் 1960-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் கறுப்பு வெள்ளைச் சுருள். இந்து நகர் என்று அங்கே ஒரு பகுதியே உண்டு. ஆலை இன்று இல்லை. அந்த மஞ்சளேறிய நெகட்டிவ்கள் மட்டும் என் அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் கிடக்கின்றன.

பாடம் சொல்லிக்கொடுத்தவர் கடைத்தெரு ஸ்டூடியோ அண்ணன். ஃபிலிம் கழுவக் கொடுக்கப்போன என்னை, "சும்மா நிக்காத, உள்ள வா" என்று இருட்டறைக்குள் கூப்பிட்டார். சிவப்பு பல்ப் வெளிச்சத்தில், தட்டில் கிடந்த வெள்ளைத் தாளில் முதலில் முடி வந்தது, அப்புறம் மீசை, கடைசியாகத்தான் முகம். அடர்ந்த கறுப்பு முதலில் வரும் என்பது பிற்பாடு புரிந்தது. அன்றைக்கு, ஒரு மனுஷன் மீசையிலிருந்து பிறப்பதைப் பார்த்ததாகத்தான் தோன்றியது. ஹைப்போ வாசனை சட்டையில் ஏறி, வீட்டில் அம்மாவிடம் திட்டு வாங்கியது தனிக் கதை.

வெளிச்சக் கணக்கை அண்ணன் வாய்ப்பாடு மாதிரி சொல்வார். "வெயில் சுள்ளுனு அடிச்சா பதினாறுல வை. மேகம் போட்டா எட்டு. திண்ணை நிழல்னா நாலு. ஃபிலிம் எத்தனையோ ஷட்டரும் அத்தனை." அதாவது முதலில் சொன்னவை லென்ஸ் திறப்பின் எண்கள்; நூறு வேக ஃபிலிம் என்றால் ஷட்டர் ஏறத்தாழ நொடியில் நூறில் ஒரு பங்கு, கேமராவில் அதற்குப் பக்கமாக இருப்பது 125. உலகம் முழுக்கப் படமெடுப்பவர்கள் நம்பிய கணக்கு இது. எங்கள் ஊர் வெயிலுக்கு ஒரு வருஷத்தில் முன்னூறு நாள் முதல் வரியே போதும்.

வேலைக்குச் சேர்ந்து, சீட்டு எடுத்த பணத்தில் பழைய பென்டாக்ஸ் கே-1000 ஒன்றை வாங்கினேன். 1976-இலிருந்து 1997 வரை ஏறக்குறைய அப்படியே செய்துவந்த கேமரா. உலகெங்கும் மாணவர்கள் கையில் இருந்தது. பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் அடிக்கும். பேட்டரி வெளிச்சமானிக்கு மட்டும். அதை அணைக்கிற ஸ்விட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டால்தான் அதற்குத் தூக்கம். மூடியைத் தொலைத்த ஒரு வருஷம் முழுக்க லென்ஸுக்கு என் பழைய சாக்ஸை மாட்டிவைத்திருந்தேன். பார்க்கிற துளையின் வலது ஓரத்தில் ஒரு முள் ஆடும். அது நடுவுக்கு வரும்வரை வளையத்தையும் குமிழையும் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குள் எதிரில் இருப்பவர் சிரித்து முடித்து, வாயை மூடி, "எடுத்தாச்சா?" என்று கேட்டிருப்பார்.

அந்தக் கேமரா எனக்குக் கொடுத்த பெரிய அடி ஒன்று உண்டு. ஊரில் அம்மன் கோயில் கொடை. மதியக் கொடையிலிருந்து சாமக் கொடை வரை விடாமல் எடுத்தேன். வில்லுப்பாட்டுக்காரர் கையில் வீசுகோல் மேலே போகும் நொடி, சாமியாடி கண்ணை உருட்டும் நொடி, மஞ்சள் தண்ணீர் காற்றில் சிதறும் நொடி. ஒன்றும் தப்பவில்லை என்று எனக்கு நல்ல திமிர். முப்பத்தாறு முடிந்தது. அதற்குப் பிறகும் லீவர் தாராளமாகச் சுற்றியது. கம்பெனிக்காரன் இரண்டு படம் கூடுதலாக வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். அப்புறம்தான் வயிற்றைக் கலக்கியது. ஃபிலிமின் நுனி மறுபக்கச் சுருளில் மாட்டவே இல்லை. மதியத்திலிருந்து ஃபிலிம் தன் டப்பாவுக்குள் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தது. நான் வெறும் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

லீவரைத் தள்ளும்போது இடப்பக்கத்துக் குமிழும் கூடவே சுழல்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது, அவ்வளவுதான். அண்ணன் பத்துத் தடவை சொல்லியிருந்தார். சாமியாடி ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஃபிலிமில் கோளாறு, கழுவும்போது கெட்டுவிட்டது என்று ஃபிலிம் மேல் பழியைப் போட்டேன். அது பொய் என்பதை இன்றுதான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது ஆச்சி.

எங்கள் தெருவில் பாம்படம் போட்ட கடைசித் தலைமுறை அவள். தோள் தொடும் காதில் உருண்டையும் சதுரமுமாக, உள்ளே அரக்கு வைத்த தங்கம் ஆடும். தென்மாவட்டத்தில் கேமரா தூக்கிய யாரும் பாம்படத்தைத் தாண்டிப் போயிருக்க முடியாது, நானும் போகவில்லை. ஒரு சாயங்காலம் ஜன்னலோரம் உட்காரவைத்து, லென்ஸை முழுக்கத் திறந்து, கிட்டப்போய் எடுத்தேன். பாதி முகத்தில் ஒளி, மறுபாதி கன்னங்கறுப்பு. ஒவ்வொரு சுருக்கமும் செதுக்கினதுபோல் வந்திருந்தது. ஒரு போட்டியில் மூன்றாம் பரிசு கிடைத்தது. பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஆச்சியிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

தூரத்தில் வைத்துப் பார்த்தாள். பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"என்னய்யா இது, ஒரு காதைக் காணோம்?"

"அது நிழல்ல இருக்கு ஆச்சி. அதுதான் அழகு."

"ரெண்டு காதுலயும்தானே போட்டிருக்கேன்? ஒண்ணை வித்துத் தின்னுட்டேன்னு ஊர் சொல்லாதா?"

என்னிடம் பதில் இல்லை. ஆச்சி விடவில்லை. "காலைக் காணோம். மகன் வாங்கித் தந்த சேலையக் காணோம். சீக்குல கெடக்கிறவ மாதிரி மூஞ்சிய மட்டும் எடுத்திருக்கே. நான் என்ன, நடமாட்டம் இல்லாமலா கெடக்கேன்?"

அடுத்த மாதம் தானே ஸ்டூடியோவுக்குப் போய், காசு கொடுத்து ஒரு படம் எடுத்துக்கொண்டாள். எடுத்தவர் என் குரு, அதே அண்ணன். பின்னால் அருவி வரைந்த திரை, பக்கத்தில் ஸ்டூல் மேல் பிளாஸ்டிக் பூ, நேராகப் பார்க்கும் முகம், உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை முழு ஆள். அதுதான் அவள் வீட்டு நடையில் தொங்கியது. என் மூன்றாம் பரிசு, டிரங்குப் பெட்டிக்கு அடியில் குப்புறக் கிடந்ததாகப் பேத்தி பிற்பாடு சொன்னாள்.

ரொம்ப நாள் இதை நான் ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் சொல்லிவந்தேன். கிராமத்துக் கிழவிக்குக் கலை புரியவில்லை என்கிற தொனியில். இப்போது இரண்டு படங்களின் பிரதிகளும் என்னிடம் இருக்கின்றன. என்னுடையது நல்ல படம்தான், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் ஆச்சியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாராவது வந்தால், நான் எடுத்துக் காட்டுவது அண்ணன் எடுத்ததை. அவள் எவ்வளவு குட்டை, சேலையை எப்படிக் கட்டுவாள், இடது பெருவிரல் எப்படி வளைந்திருக்கும், இரண்டு பாம்படமும் எந்த மாதிரி என்பதெல்லாம் அதில் இருக்கிறது. என் படத்தில் இருப்பது ஜன்னல் வெளிச்சமும் நானும்.

முழுசாக எடுக்க வேண்டும் என்கிற ஆசையைப் பாமரத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன் சென்னை அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராக 1858-இல் தஞ்சாவூர் வந்தார். பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டை எடுக்க வேண்டும். ஒரே படத்தில் அடங்காது. அழகான ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் போய்விடவில்லை. கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி 21 படங்கள் எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, பத்தொன்பது அடிக்கு மேல் நீளும் ஒரே படமாக்கினார். பெரிய, கனத்த கேமரா, காகித நெகட்டிவ், தஞ்சாவூர் வெயில். ஒரு எழுத்தையும் வெட்டாமல் கொண்டுபோய்ச் சேர்த்த அந்த மனுஷன் என் வீட்டுக்கு வந்திருந்தால் ஆச்சிக்கு ரொம்பப் பிடித்துப்போயிருக்கும்.

ஆச்சிக்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். யாரை எடுத்தாலும் இரண்டு படம். முதலாவது அவர்களுக்கு: அவர்கள் நிற்க விரும்பும்படி நிற்கட்டும், தலை வாரட்டும், சட்டைப் பொத்தானைப் போடட்டும், பேரனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தட்டும். இரண்டாவது எனக்கு. வேடிக்கை என்னவென்றால், முதல் படம் முடிந்ததும் அவர்கள் மூச்சுவிட்டுத் தோளைத் தளர்த்துவார்கள் பாருங்கள், எனக்கு வேண்டியது அநேகமாக அங்கேதான் கிடைத்தது.

டிஜிட்டல் வந்ததும் எனக்குப் பித்துப் பிடித்தது. முப்பத்தாறுக்குள் அடங்கிக் கிடந்த விரல் ஒரே காலையில் தொள்ளாயிரம் அடித்தது. கேமராவோடு வந்த 18-55 லென்ஸ் போதாதென்று ஐம்பது எம்.எம். வாங்கினேன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விலையும் எடையும் குறைவு, மங்கல் வெளிச்சத்தில் கைகொடுக்கும். அப்புறம் 70-300. அப்புறம் பறவைக்காக ஒரு 150-600. சுமார் இரண்டு கிலோ. வாங்கி வந்த அன்று மாடியில் நின்று காக்கையை எடுத்தேன். மறுநாளும் காக்கையை எடுத்தேன். பள்ளிக்கரணைக்குப் போனது நாலைந்து தடவைதான். கழுத்து வலிக்கு டாக்டரிடம் போனது அதைவிட அதிகம். இரண்டு மழைக்காலம் தோல் பையில் போட்டு பீரோவுக்குள் வைத்திருந்து ஒருநாள் எடுத்துப் பார்த்தால், கண்ணாடிக்குள் சிலந்தி நூல் போலப் பூஞ்சை. சென்னைக் காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குத் தோல் பையைப் போல எதிரி வேறில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் நாலு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதுமானவை. நீல மணி வெளிறி இளஞ்சிவப்பானால் மாற்றவோ காயவைக்கவோ வேண்டும். எல்லாவற்றையும்விட, அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்த வேண்டும்.

வாங்கிக் குவிக்கும் இந்தக் காய்ச்சல் வரும்போதெல்லாம் நான் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்வேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், சென்னையில் வாழ்ந்து, நாட்டின் காடுகளையெல்லாம் சுற்றி யானையையும் காட்டெருதையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். அவருடைய கேமரா வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைக் கொண்டு அவரே ஒட்டுப்போட்டுச் சேர்த்தது. அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று பட்டப்பெயர் வேறு. கடையில் இருக்கிற எதுவும் அவருக்குத் தோதுப்படவில்லை என்றால், தனக்கு எது வேண்டும் என்பது அவருக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கிறது. நமக்கு அது தெரியாததால்தான் எல்லாமே வேண்டியிருக்கிறது.

ஆக, கேட்ட கேள்விக்குப் பதில். கையில் நல்ல ஃபோன் இருந்தால் ஒரு வருஷம் அதிலேயே எடுங்கள். அதற்கு மேலும் ஆசை அடங்கவில்லையென்றால் நம்பகமான இடத்தில் ஒரு பழைய கேமரா, ஒரு ஐம்பது எம்.எம். மீதிப் பணத்தைப் பஸ்ஸுக்கும் பிரிண்டுக்கும் வையுங்கள். பிரிண்ட் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் என் ஹார்டு டிஸ்க் ஒருநாள் 'டக் டக்' என்று சத்தம் போட்டுவிட்டு நின்றது. இரண்டு வருஷப் படங்கள் போயின. வேறு பிரதி எடுத்துவைக்காதது என் சோம்பல்தான். அந்த இரண்டு வருஷத்தில் இன்று மிஞ்சியிருப்பவை, பிரிண்ட் போட்டுப் படத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்தவை மட்டும். ஒவ்வொருவராக ஃபோன் செய்தேன். "சட்டம் போட்டு மாட்டியிருக்கோம் சார், ஃபோட்டோ புடிச்சு அனுப்பட்டுமா?" என்றார் ஒருவர். அனுப்பினார். கண்ணாடியில் அவர் வீட்டு ட்யூப்லைட்டும் அவர் கையும் தெரிந்தன. அதைத்தான் நான் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.

குலசேகரன்பட்டினம் தசரா பற்றியும் சொல்ல வேண்டும். வந்த படங்களில் அங்கே எடுத்தவை கணிசம். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, விரதம் இருந்து, காளியும் குறவனும் ராஜாவுமாக வேஷம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிக் கோயிலில் செலுத்துகிறவர்கள். பத்தாம் நாள் கடற்கரையில் சூரசம்ஹாரம். கேமராக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? போன தடவை நான் போயிருந்தபோது, காளி வேஷம் கட்டிய ஓர் இளைஞர் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் கிரீடம் அழுத்திய தடம் சிவந்திருந்தது. கேமராவைத் தூக்கினேன்.

"எடுங்கண்ணே. ஆனா அனுப்புவீங்களா? வருஷா வருஷம் எத்தனையோ பேர் எடுக்காங்க. அம்மாகிட்ட காட்ட எங்கிட்ட ஒரு படம் இல்ல."

எடுத்த படம் யாரிடமும் போய்ச் சேராத கதை ஒன்று உண்டு. சிகாகோவில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை செய்த விவியன் மையர் தெருத்தெருவாக நடந்து லட்சத்துக்கும் மேல் படம் எடுத்தார். 2007-இல் அவர் பெட்டிகள் ஏலத்துக்குப் போன பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. பல சுருள்கள் கழுவக்கூடப்படவில்லை. அவருக்கு வறுமை, தனிமை, என்னென்னவோ. நமக்கு என்ன சாக்கு? ஒரு எண்ணை வாங்கி வாட்ஸ்அப்பில் தட்டிவிட ஒரு நிமிஷம். அந்த இளைஞருக்குக் கிரீடம் வைத்து, சூலம் பிடித்து, நின்ற கோலத்தில் ஒன்று. டீ டம்ளரோடு ஒன்று. இரண்டையும் அன்றிரவே அனுப்பினேன். முதலாவதை அவர் தன் முகப்புப் படமாக வைத்துக்கொண்டார். டீ டம்ளரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆச்சிக்குப் பிறகு எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது.

நீங்கள் அனுப்பியதில் சிலவற்றைத் தள்ளிவைத்ததற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். கூட்டுக்குள் குஞ்சுகள் வாய் பிளக்கும் படங்களில் மூன்று பிரமாதமாக இருந்தன. போடவில்லை. மறைத்திருந்த இலையை விலக்காமல் அந்தக் கோணம் கிடைத்திருக்காது. இலை போனால் அந்தக் குஞ்சுக்கு வெயிலும் காக்கையும்தான் மிச்சம். எடுத்தவர்கள் மனம் நோக வேண்டாம். அடுத்த தடவை மரத்தையும் சேர்த்து, தள்ளி நின்று எடுத்து அனுப்புங்கள்.

இந்த இதழில் ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்தவர் பெயரோடு, சம்மதித்த இடங்களில், படத்தில் இருப்பவர் பெயரையும் போட்டிருக்கிறோம். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் இதழ் தபாலில் போகும். முகவரி இல்லாதவர்களுக்கு எடுத்தவர் வழியாகப் போகும். கொண்டுபோய்க் கொடுத்தபோது என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். திட்டினாலும் எழுதுங்கள். பிரசுரிக்கிறேன்.

40-ஆம் பக்கத்துக்குத் தலைப்பே வேண்டாம் என்று முடிவாயிற்று. பனையேறி உச்சி முதல் தளைநார் வரை முழுசாக நிற்கிறார். அங்கே இடம் போதாமல் தள்ளிய இரண்டு பத்திகள் முன்பக்கத்துக்கு வந்து, பொருளடக்கத்தின் எழுத்து கொஞ்சம் பொடியாகிவிட்டது. மூக்குக்கண்ணாடிக்காரர்கள் இந்த ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்